சயனைட் மேட்டை நம்பி வாங்கிய ஷேர்

மகளே, மகனே,

வாயால் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் இருவருக்கும் எழுதித் தருகிறேன். சொல்ல உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. கோபம் வந்தால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்த வீட்டு மனை சைட் நமக்கு ஏன் இல்லாமல் போனது, அப்பா ஏன் இப்போது பெங்களூர் போகும் காலை ரயில் வண்டியில் வேறு பெட்டியில் ஏறுகிறார், பெரியப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். மூன்றுக்கும் ஒரே பதில்தான். பத்தாவதோடு நின்று ஐ.டி.ஐ. போனவன் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய, நாம் இருக்கும் இந்த லைன் வீடு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். முன்னே ஒரு அறை, பின்னே அடுப்படி. மகளே, நீ பரீட்சைக்குப் படிக்கும்போது காஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவாய். சுரங்கம் மூடியபோது உன் தாத்தாவுக்குக் கிடைத்த பணம் அவர் வைத்தியத்திலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நமக்கென்று ஒரு சைட் வாங்கி, நம் பேரில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பதை நானும் உங்கள் அம்மாவும் கல்யாணமான வருஷத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். பெங்களூரில் மருந்துக் கிடங்கு வேலையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் பாண்டில் போட்டு வைத்தேன்.

பாண்டு என்றால் இன்னாப்பா என்று மகன் ஒருமுறை கேட்டான். நாம் ஒரு கம்பெனிக்கோ சர்க்காருக்கோ கடன் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சொன்ன தேதியில் வட்டி தருவார்கள், சொன்ன தேதியில் அசலைத் தருவார்கள். அவர்கள் கொழித்தாலும் நமக்கு அதே வட்டி, சுமாராக நடந்தாலும் அதே வட்டி. ஷேர் அப்படி இல்லை. அதில் நாம் கடன் கொடுத்தவர் கிடையாது, ஒரு துளி முதலாளி. கம்பெனி ஏறினால் நாமும் ஏறுவோம், விழுந்தால் நமக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. உங்கள் அம்மாவுக்குப் பாண்டுதான் பிடிக்கும். அது அங்கே தூங்கினால் நாம் இங்கே தூங்கலாம் என்பாள்.

போன வருஷம் யுகாதி சமயத்தில் அந்தப் பாண்டு முடிந்து பணம் கைக்கு வந்தது. அதே சமயத்தில்தான் ராபர்ட்சன்பேட்டைக்கு அந்தப் பக்கம் அந்த சைட்டும் வந்தது. நாம் நாலு பேரும் போய்ப் பார்த்தோமே, அதேதான். கிணறு இல்லை, ஆனால் காவேரித் தண்ணீர்க் குழாய் வரப்போகிறது என்றார் சொந்தக்காரர். வராது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பிடித்திருந்தது. அவருக்கு வளைகுடாவில் ஒரு தம்பி. அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார், அதுவரை டைம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். நம்மிடம் இருந்த பணத்துக்கும் சைட் விலைக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு இடித்தது.

அந்தக் குறையைத்தான் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

நீங்கள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டாலும் அவர் எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷாப்ட், ஒரே ஷிப்ட். அந்த நாளில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டான கேஜிலிருந்து மேலே வந்தவர், தன் கூட்டாளியும் வந்துவிட்டாரா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். அப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். நானும் அவரும் பாலகாட்டுக்காரரும் பல வருஷமாகக் காலை வண்டியில் ஒரே பெட்டியில், எதிரெதிர் சீட்டில் போய் வந்தவர்கள். பாலகாட்டுக்காரர், அதாவது நம் ஊர் பாலகாட் சுரங்கத்து லைனில் குடியிருப்பவர், எலக்ட்ரீஷியன், அதிகம் பேச மாட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையைத் தவறவிட மாட்டார். பெரியப்பா ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பகுதியில் இருந்தார். எங்கள் மூவரில் ஷேர் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். போனில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகளைக் காட்டி விளக்குவார். எனக்கு ஷேர் வாங்கி வைக்கிற டீமேட் கணக்கு திறந்து கொடுத்ததும் அவர்தான்.

அவர் சொன்ன ஷேர் ஒரு சின்னக் கம்பெனியுடையது. நம் ஊர் சயனைட் மேட்டைச் சர்க்காரிடமிருந்து வாங்கி, அந்த மண்ணிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கப் போகிறது என்று பேச்சு. நூறு வருஷத்துக்கு மேலாகப் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் அது. நம் ஊரில் எவரைக் கேட்டாலும் அதில் இன்னும் பொன் இருக்கிறது என்றுதான் சொல்வார். வெளியூர்க்காரர் கேட்டால் சிரித்திருப்பார். நாங்கள் சிரிக்கவில்லை. காற்றடிக்கும் மாதத்தில் அந்த மண்ணைத் தின்று வளர்ந்தவர்கள் அல்லவா.

நான் தயங்கினேன். பாண்டைப் புதுப்பித்துவிட்டு, குறைகிற பணத்துக்குக் கம்பெனியில் லோன் கேட்கலாம் என்று பார்த்தேன்.

"மேட்டுல பொன்னு கீதா, இல்லியா? நீயே சொல்லு" என்றார் பெரியப்பா.

"கீது."

"அப்பறம் இன்னா யோசனை? வேற ஊருக்காரன் கண்ணை மூடிக்கினு வாங்குறான். நீ கண்ணால பாத்துக்கினே வாங்க மாட்டேன்றே."

பாலகாட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இவன் மேட்டுல ஏறிப் பொன்னை எண்ணிட்டுத்தான் வாங்குவான்" என்றார். மூவரும் சிரித்தோம். அன்றைக்கே அவரும் வாங்கினார், கையில் இருந்த பாண்டுப் பணத்தைப் போட்டு நானும் வாங்கினேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மேட்டில் பொன் இருப்பது வேறு, அந்தக் கம்பெனிக்கு மேடு கிடைப்பது வேறு, கிடைத்தாலும் அதில் லாபம் வருவது வேறு. இந்த மூன்றும் வேறு வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதலாவது தெரியும் என்பதால் மற்ற இரண்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது.

ஷேர் ஏறியது. ஆடி மாதம் முழுக்க ஏறியது. சாயங்கால வண்டியில் உட்கார்ந்ததும் பெரியப்பா விலையைச் சொல்வார், பக்கத்து சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். தசரா வரும்போது என் பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. சைட் விலை வந்துவிட்டது, ரிஜிஸ்டர் செலவும் வந்துவிட்டது. அப்போது எனக்கு ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. இப்போதே விற்றுவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வரை சின்னக் கெடு உள்ள பாண்டு ஏதாவது ஒன்றில் போட்டுவிட வேண்டும். அந்தத் தம்பி வளைகுடாவிலிருந்து வந்து இறங்கியதும் பணத்தோடு போய் நிற்க வேண்டும். உங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

ஆயுத பூஜை அன்று வண்டியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தினமும் போகிறவர்கள் எல்லோரும் காசு போட்டுப் பெட்டிக்கு மாலை கட்டி, சந்தனம் பூசி, பொரியும் கடலையும் கொடுப்பார்கள். அந்தப் பொரியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நான் பெரியப்பாவிடம் விற்கப்போகும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விற்பது முறையில்லை என்று பட்டது. அவர் சொல்லித்தானே வாங்கினேன்.

அவர் பொரியை வாயில் போட்டு மென்றார்.

"இன்னாடா அவசரம் உனுக்கு? இது பெரிய கம்பெனி ஷேர் இல்லே. ஒரு நாளைக்கு வாங்கறவன் பத்துப் பேரு. நீ மொத்தமா கொட்டுனா விலை விழும். நீ வித்தா இவரும் விப்பாரு. அப்பறம் மூணு பேருக்கும் ஒண்ணும் மிஞ்சாது. சர்க்கார் ஆர்டர் வரட்டும், மூணு பேரும் சேர்ந்தே விக்கலாம்."

"சைட்டு கைய விட்டுப் போயிடும், அண்ணா."

"சைட்டு மட்டும் வாங்கி அதுல கூடாரமா போடப்போறே? பொறுத்தா வீடும் சேர்த்துக் கட்டிக்கலாம். சும்னே இரு."

பாலகாட்டுக்காரர், அண்ணன் சொல்வதும் சரிதானே என்றார். நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததோடு நிறுத்தவில்லை. விலை கொஞ்சம் தள்ளாடினாலும் வாங்க ஆள் இருந்தால் நின்றுவிடும், முடிந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடு என்று அவர் அந்த வாரம் சொன்னார். உங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் சீட்டு விழுந்திருந்தது. அந்தப் பணத்தையும் கேட்டு வாங்கி அதில் போட்டேன். கொடுக்கும்போது அவள் என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

தீபாவளிக்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு மேடு கிடைக்காது என்று பேச்சு வந்தது. பேச்சு வந்த நாளே ஷேர் விழுந்தது. ஒரு நாளில் ஒரு ஷேர் இவ்வளவுதான் விழலாம் என்று மார்க்கெட்டில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் விற்க நிற்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான், வாங்க ஆளிருக்காது. மறுநாள் திறந்ததும் மறுபடி வரம்பு. இப்படி நாள் தவறாமல். நான் கிடங்கில் மருந்துப் பெட்டி எண்ணுகிற சாக்கில் ஒதுங்கிப்போய் விற்கச் சொல்லிப் போடுவேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு ஷேரும் போயிருக்காது.

அந்த நாட்களில் பெரியப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கும் அதேதாண்டா, இன்னா பண்றது" என்றார். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் நிலைமையை நினைத்து நான் பரிதாபப்பட்டேன். பங்காருபேட்டையில் வண்டி நிற்கும்போது இறங்கிப்போய் அவருக்குக் காபி வாங்கி வந்து கொடுத்தேன். மனசை விடாதீங்க அண்ணா என்று நான், நான், அவருக்குத் தைரியம் சொன்னேன். அவர் அந்தக் காபியைக் குடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு அந்தத் தம்பி வந்தார். சைட்காரர் ஆள் அனுப்பினார். நான் போய் நிலைமையைச் சொன்னேன். புது வருஷம் தாண்டும் வரை பொறுத்தார்கள், அதற்கு மேல் முடியாது என்று பெங்களூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்பணத்தைக் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார் அந்த மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உண்மையைச் சொன்னால் அப்போதுகூட நான் உடைந்துபோகவில்லை. மூன்று பேரும் ஒன்றாக வாங்கினோம், மூன்று பேருக்கும் ஒன்றாகப் போயிற்று என்பதில் ஏதோ ஓர் ஆறுதல் இருந்தது. ஏமாந்தாலும் தனியாக ஏமாறவில்லை என்கிற ஆறுதல்.

தை மாதத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஹாலில் வைத்தார்கள். நீங்களும் வந்தீர்கள். மகன் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். வீட்டு மனிதன் மாதிரி நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றேன். பெரியப்பா தன் சம்பந்தியாகப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி வேலூர்ப் பக்கத்து மனிதர். ஷேரில் போட்டவர்கள் எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணச் செலவுக்கு வைத்த பணமும் அப்படிப் போயிருக்குமோ என்கிற கேள்வி அவர் பேச்சுக்குள் இருந்தது. பெரியப்பாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

"அந்தக் கவலையே வாணாம் சம்பந்தி" என்றார். "நானும் ஷேர்லதான் இருந்தேன். ஆயுத பூஜை வாரத்துல வித்துட்டேன். ஒரே நாள்ல வித்தா விலை விழும்னு கொஞ்சம் கொஞ்சமா வித்தேன். நல்ல உச்சம் அது. இப்ப எல்லாம் பாண்டுல கீது. பொண்ணு பேர்லயே கீது."

சம்பந்தி தலையை ஆட்டி, சமர்த்தர் என்றார். அடுத்த இலைக்காரர் சாம்பார் சாம்பார் என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஊற்றினேன். அந்த வரிசை முடியும் வரை ஊற்றினேன். வாளியை உள்ளே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். தலைவலி என்று சொல்லி உங்களை முன்னதாகவே அழைத்து வந்தேனே, அது தலைவலி இல்லை.

நடந்து வரும்போது எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அவரால் நிதானமாக விற்க முடிந்தது. அந்த ஷேரை வாங்குகிற பத்துப் பேரும் அவருக்குத் தேவைப்பட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவனாக என்னையும் சேர்த்துக்கொண்டார். உங்கள் அம்மாவின் சீட்டுப் பணத்தில் நான் வாங்கியது யாருடைய ஷேர் என்று போன் சொல்லாது. அது அவருடையதாக இருந்திருக்கலாம். இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த எண்ணம் வந்த பிறகு போக மாட்டேன் என்கிறது.

மறுநாள் சாயங்கால வண்டியில் அவரைக் கதவுப் பக்கம் கூப்பிட்டேன். பந்தியில் கேட்டதைச் சொன்னேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"சொல்லிருந்தா நீயும் வித்திருப்பே, அவரும் வித்திருப்பாரு" என்றார். "அப்பறம் எனக்கு இன்னா மிஞ்சும்? பொண்ணு கல்யாணம் கீதுடா எனக்கு."

"எனக்கும் பொண்ணு கீறா, அண்ணா."

"உன் பொண்ணு இன்னும் படிக்கிறா."

மகளே, நீ எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். நம் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறார்.

பிறகு அவர் குரலை மாற்றிக்கொண்டார். வாங்கு என்று உன் கையைப் பிடித்து இழுத்தேனா, நீ என்ன சின்னப் பிள்ளையா என்றார். ஷேரில் யாருக்கு எப்போது விற்கத் தோன்றுகிறதோ அப்போது விற்பதுதான் உலகம் என்றார். கடைசியில், கல்யாணம் முடிந்ததும் வேண்டுமானால் கொஞ்சம் கைமாற்றாகத் தருகிறேன் என்றார். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. என் பணம் அவர் பாண்டில் தூங்குகிறதோ என்னவோ, அதில் கொஞ்சத்தை எனக்கே கடனாகத் தருகிறேன் என்கிறார். வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறினேன்.

உங்கள் அம்மாவிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவரைத் திட்டவில்லை. "அந்த மனுசன் தனுக்குப் பாண்டு, உங்களுக்கு ஷேருன்னு பிரிச்சுக் குடுத்தாரு. நீங்களும் வாங்கிக்கினு வந்தீங்க" என்றாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள்.

கையில் இருந்த ஷேரை என்ன செய்வது என்று பல நாள் யோசித்தேன். விலை அடியில் வந்து படுத்திருந்தது. வரம்பைத் தொட்டு நிற்பது நின்று, இப்போது விற்றால் விற்கும் என்கிற நிலை. விற்றால் போட்டதில் கால் பங்குதான் தேறும். வைத்திருந்தால் ஒருநாள் ஏறலாம் என்று ஒரு மனது. அந்த மனதின் குரல் பெரியப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. அப்போது என்னை நானே ஒன்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கால் பங்கு பணமாகவே என் கையில் இருந்தால், இன்று போய் இந்த ஷேரை வாங்குவேனா? மாட்டேன். வாங்க மாட்டேன் என்றால் எதற்காக வைத்திருக்கிறேன்? போட்ட பணத்துக்காக. போட்ட பணம் அங்கே இல்லை. எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

விற்பதற்கு முன்பு பாலகாட்டுக்காரரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். ஆயுத பூஜை வாரத்தில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அவருக்கு அது அதுவரை தெரியாது. வாசலில் நின்ற சைக்கிளை இழுத்துச் சுவரில் சாய்த்தார். நான் நாளைக்கு விற்கப்போகிறேன், நீங்கள் விற்பதாக இருந்தால் முதலில் நீங்கள் போடுங்கள், உங்களுடையது போன பிறகு நான் போடுகிறேன் என்றேன்.

"வாணாம்பா. மேடு எங்க போயிடப் போவுது" என்றார். அவர் மேட்டை நம்புகிறாரா, அல்லது அந்த வண்டி சீட்டில் கழிந்த வருஷங்களை விட மனசில்லாமல் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரை நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் உங்களிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நான் தினமும் ஏறுகிற ஊரிகம் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டி வந்தது. பழைய பெட்டியின் ஜன்னலிலிருந்து பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டு, ஏறு ஏறு என்று கையைக் காட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் ஒரு நாயும் பெருக்குகிற அம்மாவும்தான் இருந்தார்கள். மார்க்கெட் திறக்கும் வரை அங்கேயே காத்திருந்தேன். திறந்ததும் போனை எடுத்து, இருந்த ஷேர் அத்தனையையும் கிடைக்கிற விலைக்கு விற்கச் சொல்லி அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விட்டது. போனைப் பையில் போட்டேன். உங்கள் அம்மா கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.